மட்டக்களப்பிலிருந்து திகன கோல்ஃப் மைதானத்துக்கு: ஆடுகிறவருக்கும் ஆடாதவருக்கும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அக்காவின் கணவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறாராம். அங்கே கோல்ஃப் ஆடிப் பழகியவர். கண்டிக்குக் கிழக்கே, திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலுள்ள மைதானத்தில் ஒரு தடவையாவது ஆடிவிட்டுப் போக வேண்டும் என்கிறாராம். கேட்டவரும் அவருடைய அம்மாவும் கூடப் போவதாகத் திட்டம். "ஒரே நாளில் போய்வர முடியுமா? ஆள் அரவமே இல்லாத இடம் என்கிறார்கள். அங்கே நான் நாலு மணி நேரம் என்ன செய்வது? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" இவைதான் எழுத்தில் இருக்கும் கேள்விகள். எழுதாமல் விட்டதும் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: கோலை ஒரு நாளும் கையில் பிடிக்காத ஒருவர் அந்த வாசலுக்குள் போனால் ஓரமாய் நிற்க வேண்டியவர்தானா, அல்லது அவருக்கும் அங்கே ஓர் இடம் உண்டா? நான் முதலில் பதில் சொல்ல விரும்புவது இதற்குத்தான். இடம் உண்டு, வேலையும் உண்டு. போங்கள். ஆனால் ஒரே நாளில் வேண்டாம்.

எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வந்தாறுமூலையில் விவசாயம் படித்தேன். பிறகு வளைகுடா நாடொன்றில் கோல்ஃப் மைதானப் புல்லைப் பராமரிக்கும் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்தேன். ஆட்டத்தைக் கற்றதும் அங்கேதான், வேலை முடிந்த பின்னேரங்களில். ஊருக்குத் திரும்பியபின் வசதி கிடைக்கும்போது திகனவுக்கும் நுவரெலியாவுக்கும் போய் ஆடுகிறேன். ஆகவே மண், புல், தண்ணீர், நடை பற்றி நான் சொல்வதை நம்பலாம். அத்தானின் அடியைத் திருத்தும் தகுதி எனக்கில்லை, நான் பயிற்றுநன் அல்ல. கட்டணமாக ஒரு தொகையையும் இங்கே எழுதப் போவதில்லை. அது பருவத்துக்குப் பருவம் மாறுவது. பழைய தொகையை நம்பிப் போய் வாசலில் முகம் சுருங்குவதைவிட, புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது மேல்.

திகன மைதானத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. அதை வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல் என்ற பிரித்தானியர். 1999இல் திறக்கப்பட்டது. 18 குழிகள், பார் 73. பெரும்பாலான மைதானங்களில் பார் 70க்கும் 72க்கும் இடையில் நின்றுவிடும், இங்கே ஒன்று அதிகம். பார் என்பது தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு அத்தனை குழிகளையும் முடிக்கத் தேவைப்படும் அடிகளின் எண்ணிக்கை. வார இறுதிக்கு மட்டும் ஆடும் மனிதர் நூறைத் தாண்டினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாட்டின் மற்ற இரண்டு பழைய மைதானங்களோடு ஒப்பிட்டால்தான் இதன் அமைதி புரியும். 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகத்தின் மைதானம் நகரத்தின் நடுவே இருக்கிறது. அதற்குள்ளாலேயே களனிவெளி ரயில் பாதை போகிறது, ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். 1889இல் தோட்டத்துரைமார் காலத்தில் தொடங்கிய நுவரெலியா மைதானமும் பட்டணத்தை ஒட்டியதுதான், வீதி வாகனச் சத்தம் காதில் விழும். திகனவில் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். வார நாளொன்றில் காலையில் போனால் முன்னாலும் பின்னாலும் வேறு ஆட்டக்காரர்கள் கண்ணில் படாமலே பல குழிகளை முடித்துவிடலாம்.

இந்த அமைதி ஆடுகிறவருக்கு முழுக்க முழுக்க நன்மை என்று சொல்லமாட்டேன். கூட்டமான மைதானத்தில் பழகியவருக்குப் பின்னால் நிற்கும் அடுத்த குழுதான் கடிகாரம். அவர்கள் காத்திருப்பதால் நாம் அடிக்கிறோம், நடக்கிறோம், அடுத்த அடியைத் தீர்மானிக்கிறோம். அந்தக் கடிகாரம் இல்லாத இடத்தில் மனிதன் இரண்டில் ஒன்றைச் செய்கிறான். சரியில்லாத அடிக்குப் பிறகு இன்னொரு பந்தை எடுத்து வைத்து அடிக்கிறான், அதுவும் சரியில்லை என்றால் மூன்றாவதையும் எடுக்கிறான். ஆறாவது குழிக்குள் கை சோர்ந்துவிடுகிறது. அல்லது, யாரும் பார்க்கவில்லையே என்று ஓட ஓட அடித்து இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்கிறான். கனடாவில் ஆடும் காலம் குறுகியது, வார இறுதி மைதானங்கள் நெருக்கமானவை. அங்கே பழகிய அத்தானுக்கு இரண்டாவது சபலம் வர வாய்ப்பு அதிகம். முதல் மூன்று குழிகளை வேண்டுமென்றே மெதுவாக ஆடச் சொல்லுங்கள். ஒரு பந்து, ஒரு அடி. அப்படித் தொடங்கினால் மீதிக்குத் தாளம் தானாக வந்துவிடும்.

இனி உங்கள் வேலை. வெறிச்சோடிய மைதானத்தில் அதிகம் தொலைவது பந்து. கூட்டமான இடத்தில் எங்கோ ஒருவர் கையைக் காட்டுவார், இங்கே காட்ட ஆளில்லை. 2019இல் விதிகள் மாறியதிலிருந்து பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். அதற்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனை, அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். ஆகவே பந்து விழும் இடத்தைப் பிடித்துவைக்கும் கண் ஒன்று கூட இருப்பது அத்தானுக்குப் பெரிய உதவி. செய்யும் முறை எளிது. பந்து பறக்கும்போது பந்தையே பாருங்கள், அடித்தவரின் முகத்தைப் பார்க்காதீர்கள். அது மறையும் கணத்தில் அதே கோட்டில் தூரத்தில் நிற்கும் ஒரு மரத்தையோ பாறையையோ பிடித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அந்த அடையாளத்திலிருந்து பார்வையை எடுக்காமல் நேராக நடங்கள். வாவியில் தோணியிலிருந்து பார்த்து, கரையிலுள்ள இரண்டு தென்னைகளை ஒரு கோட்டில் சேர்த்து வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்களின் கணக்குத்தான் இதுவும். பெரும்பாலானவர்கள் பந்து உண்மையில் விழுந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் தேடுகிறார்கள். நம் அடி நாம் நினைத்ததைவிடத் தூரம் போயிருக்கும் என்ற ஆசைதான் காரணம். நான்கு எட்டு முன்னதாகவே தேடத் தொடங்குங்கள்.

எங்கே நிற்பது என்பது இதைவிட முக்கியம், இதில் விளையாட்டுக்கு இடமில்லை. அடிக்கிறவருக்கு முன்னால் ஒருபோதும் போகாதீர்கள். பக்கவாட்டில், சற்றுப் பின்னால், அவர் முகம் தெரியும் பக்கமாக நில்லுங்கள். சாதாரண ஆட்டக்காரர் ஒருவரின் முதல் அடியிலேயே பந்து மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும். அது 46 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள கெட்டியான பந்து. யாராவது "ஃபோர்" என்று கத்தினால் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தலையைக் கையால் மூடிக் குனிய வேண்டும். அம்மாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மற்ற ஒழுங்குகள் பெரிதல்ல. அடிக்கும் நேரத்தில் பேசாமலிருப்பது, தொலைபேசியை ஒலிக்காமல் வைப்பது, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்துக்கும் குழிக்கும் நடுவிலுள்ள கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போவது, அந்தக் கோட்டில் நம் நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவு தெரிந்தால் ஆடத் தெரியாதவர் என்று உங்களை யாரும் ஒதுக்கமாட்டார்கள். ஆடத் தெரிந்தும் இவற்றைச் செய்யாதவர்களைத்தான் அங்கே முகம் சுளித்துப் பார்ப்பார்கள். ஆடாதவரைக் கூட நடக்க விடுவது அந்தந்த நிர்வாகத்தின் விருப்பம் என்பதால் பதிவு செய்யும்போதே சொல்லி அனுமதி வாங்குங்கள்.

பையைச் சுமந்து வழிகாட்டும் கெடி ஒருவரைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. அத்தான் கனடாவில் தானே தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பழகியவராக இருக்கலாம். "எனக்கெதற்கு உதவியாள்" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். கடலோரம் அல்லாத உள்நிலத்து மைதானத்தில், அதுவும் இறக்கமும் ஏற்றமுமான நிலத்தில், அட்டையில் அச்சிட்டிருக்கும் தூரம் பாதி உண்மைதான். பள்ளத்தை நோக்கி அடிக்கும் 150 யார் தூரமும் மேட்டை நோக்கி அடிக்கும் 150 யார் தூரமும் ஒன்றல்ல. எந்தச் சரிவில் விழுந்த பந்து நின்றுவிடும், எதில் விழுந்தது உருண்டு புதருக்குள் போகும் என்பதெல்லாம் தினமும் அந்த நிலத்தில் நடக்கிறவருக்குத்தான் தெரியும். விருந்தாளிகள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்காது. கெடியிடம் எந்தக் கோல் என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னதை விட்டு வேறொன்றை எடுத்து, பந்து தவறியதும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவரிடம் கேட்டால் அவர் சொன்னபடி செய்யுங்கள், இல்லாவிட்டால் கேட்காமல் நீங்களே அடியுங்கள். கெடிகள் பெரும்பாலும் சிங்களத்தில் பேசினாலும், அந்தப் பகுதியில் மூவினத்தவரும் வாழ்வதால் தமிழ் புரிந்தவர் கிடைப்பது அரிதல்ல. வயதில் இளையவர் என்றால் தம்பி என்று கூப்பிட்டுப் பேசுங்கள். "ஏய் கெடி" என்று அழைக்கும் பழக்கம் துரைமாரோடு போயிருக்க வேண்டியது.

அத்தானுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்களைப் புல்லிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் என் தொழில். குளிர் நாட்டுக் கிரீன்களில் பெரும்பாலும் பென்ட் புல் இருக்கும், மெல்லியது, ஓரளவு நேராக நிற்பது. வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பரவலாக இருப்பது பெர்முடா புல். தாவரவியல்படி அது நம் அறுகு, பிள்ளையாருக்கு வைக்கிற அதே அறுகு. கிரீன்களுக்கென வளர்க்கும் குட்டையான இனங்கள் அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் கலந்து உருவாக்கியவை. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரின் ஆய்வு நிலையத்தில் தொடங்கிய வேலை அது. மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டினாலும் சாகாமல் படரும். ஆனால் படரும் புல்லுக்குச் சாயும் திசை ஒன்று உண்டு. கிரீனை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது பளபளவென்று வெளிறித் தெரிந்தால் புல் உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது, அந்தத் திசையில் பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் புல் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து இழுபட்டு நிற்கும். இது உறுதியானது, பந்தை உருட்டிப் பார்த்தே காணலாம். புல் எப்போதும் அஸ்தமனச் சூரியனை நோக்கித்தான் சாயும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அதை நான் நம்பவில்லை. நீர் வடியும் திசை, வெட்டும் இயந்திரம் ஓடும் திசை, காற்று எல்லாம் சேர்ந்துதான் சாய்வைத் தீர்மானிக்கின்றன. நான் பராமரித்த மைதானத்தில் ஒரே கிரீனின் இரண்டு பாதிகளில் புல் இரண்டு பக்கம் சாய்ந்திருந்தது.

நீர்த்தேக்கக் கரை என்பதால் இன்னொரு நம்பிக்கையையும் கேட்பீர்கள்: கிரீனில் உருட்டும் பந்து எப்போதும் தண்ணீர்ப் பக்கமே வளையும் என்று. தண்ணீருக்கு ஈர்ப்பு எதுவும் இல்லை. நிலம் தண்ணீரை நோக்கிச் சரிந்திருப்பதால், கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் கிரீனும் மெல்லச் சாய்ந்திருக்கும். சுற்றிலும் பெரிய மலைகள் நிற்கும் இடத்தில் நம் கண்ணுக்குச் சமதளம் எது என்பதே குழம்பிவிடும். ஆகவே விளக்கம் தவறு, ஆனால் அறிவுரை பெரும்பாலும் பலிக்கும். சந்தேகம் வந்தால் கிரீனுக்கு வரும் வழியிலேயே, முப்பது நாற்பது எட்டு தூரத்திலிருந்து, முழு நிலத்தின் சரிவையும் பார்த்துவிட வேண்டும். பந்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கும்போது அது தெரியாது.

உயரத்தைப் பற்றியும் பெரிதாகப் பேசுவார்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நிறைநீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து சற்றுக் கூடத் தூரம் போகும். ஆயிரம் அடி உயரத்துக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது சற்று அதிகம் என்று கணக்கிடலாம். கடற்கரையில் 150 யார் அடிக்கிறவருக்குத் திகனவில் இரண்டு மூன்று யார் கூடும், அவ்வளவுதான். கோலை மாற்றத் தேவையில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது பத்து யாராகும், அங்கே வழக்கத்தைவிட ஒரு படி குறைந்த தூரம் அடிக்கும் கோலை எடுக்கலாம். ஈரப்பதம் மிகுந்த காற்று கனமானது, பந்தை அமுக்கும் என்று சொல்வதும் பிழை. நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது. நம் பக்கத்துப் புழுக்கத்தில் அமுங்குவது பந்தல்ல, அடிக்கிறவர். ஆனால் ஈரமான நிலம் வேறு விடயம். களிப்பாங்கான உள்நிலத்து மண் மழைக்குப் பிறகு பந்தை விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உருளும் தூரம் முழுவதும் போய்விடும். அதே மண் வறண்ட மாதங்களில் சீமெந்துத் தரையாகி, நடுவில் விழுந்த பந்தையும் ஓரப் புதருக்கு ஓட்டிவிடும். மழையா வெயிலா என்பதைப் பொறுத்து ஒரே மைதானம் இரண்டு மைதானமாகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இங்கே ஓர் ஓரப் பேச்சு. ஆட்டம் பிறந்த ஸ்கொட்லாந்தில் அது கடலோர மணல் நிலத்து ஆட்டம். மணல் நீரை உடனே வடித்துவிடும், காற்று புல்லைக் குட்டையாக வைத்திருக்கும். உள்நிலக் களிமண்ணுக்கு அது வந்தது பிற்காலத்தில், புல்வெட்டும் இயந்திரமும் வடிகால் வசதியும் வந்த பின்தான் அங்கே ஒழுங்காக வேரூன்றியது. அந்தக் கணக்கில் பார்த்தால் மண்ணின் குணத்துக்குக் கல்லடியும் பாசிக்குடாவும் திகனவைவிட ஆட்டத்தின் பூர்வீகத்துக்குக் கிட்டியவை. அதற்காக நம் கரையில் மைதானம் போடச் சொல்லவில்லை. கரைவலை இழுக்கவும் படகு ஏற்றவும் இருக்கிற மணலே போதாமலிருக்கிறது. தண்ணீரும் கேள்விதான். நான் வேலை செய்த மைதானத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பாய்ச்சினோம், பாலைவனத்தில் வேறு வழியில்லை. சிறுபோகத்துக்குக் குளத்து நீரை அளந்து விடும் ஊரில் புல்லுக்குப் பாய்ச்சுவதைப் பற்றி ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆடாத உங்களுக்கும் அம்மாவுக்கும் அந்த நீர்த்தேக்கமே போதுமான காட்சி. துரித மகாவலித் திட்டத்தில் பிரித்தானிய உதவியோடு கட்டி 1985இல் திறந்த விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், இலங்கையின் அணைகளில் அதுவே உயரமானது. 210 மெகாவாட் மின்நிலையத்துக்கு அங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. பழைய தெல்தெனிய பட்டணம் இந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது. கடும் வறட்சியில் மட்டம் இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சங்கள் வெளியே தெரியும், பார்க்க ஊர்மக்கள் கூடுவார்கள். நீங்கள் போகும் காலத்தில் தெரியுமா என்பது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. நமக்கும் அந்த நீருக்கும் தொடர்பில்லாமல் இல்லை. மகாவலி அங்கிருந்து மஹியங்கனைப் பக்கம் இறங்கி, மன்னம்பிட்டி தாண்டி, ஒரு கிளையாக நம் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் வெருகலாறாகக் கடலுக்குப் போகிறது. திகன என்ற பெயரை நம் விவசாயிகள் வேறு வழியாகவும் அறிந்திருப்பார்கள். தென்னைக்கும் தேயிலைக்கும் போடும் டொலமைட் வெட்டுகிற ஊர்களில் அதுவும் ஒன்று.

பயணத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை, ஹசலக, பிறகு பதினெட்டு வளைவு, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய, திகன. சொந்த வாகனத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு சுற்று ஆட்டமும் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் விடியுமுன் இருட்டில் புறப்பட வேண்டும், அல்லது இருட்டில் திரும்ப வேண்டும். மகாஓயா, பதியத்தலாவப் பகுதியில் யானைகள் வீதிக்கு வரும் நேரம் அதுதான். விளையாட்டுக்காக அந்த அபாயத்தை ஏற்க நான் சொல்லமாட்டேன். முதல் நாள் காலையில் புறப்பட்டு, பதினெட்டு வளைவில் வாகனத்தை நிறுத்தி மஹியங்கனைச் சமவெளியைப் பார்த்துவிட்டு, பின்னேரம் திகனவிலோ குண்டசாலையிலோ தங்குங்கள். வளைவுகளில் அம்மாவுக்குத் தலைசுற்றும் என்றால் முன் ஆசனத்தில் இருத்துங்கள், ஹசலகவில் வயிறு நிறையச் சாப்பிட விடாதீர்கள். மறுநாள் காலை ஆறரை ஏழு மணிக்கு முதல் அடி விழுந்தால் பதினொரு மணிக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. மலை நாடு என்ற பெயரை நம்பிக் கம்பளிச் சட்டையோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நுவரெலியாவுக்குச் சரி.

மாதத்தைத் தெரிவு செய்ய முடிந்தால் சூன் முதல் செப்டெம்பர் வரை நல்லது. நம் பக்கம் கச்சான் காற்று வீசும் அந்தக் காலத்தில் திகனப் பக்கமும் பெரும்பாலும் வறண்டிருக்கும், காற்று மட்டும் பலமாக இருக்கலாம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கம். தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவமழை நம்மை நனைப்பதுபோல அந்தச் சரிவையும் நனைக்கும், செங்கலடி வீதியிலும் வெள்ளம் பாயக்கூடும். அத்தான் மார்கழி விடுமுறைக்குத்தான் வருகிறார் என்றால் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துத் திட்டமிடுங்கள். மழையில் ஆடலாம், இடியில் கூடாது. முழக்கம் காதில் விழுந்ததுமே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. "இன்னும் இரண்டு குழிதானே" என்று அத்தான் சொல்வார், கேட்காதீர்கள்.

காசுக்குத் தகுமா என்பதற்கு நேரான பதில்: அத்தானுக்குத் தகும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இத்தகைய காட்சியுள்ள மைதானத்துக்குக் கொடுப்பதை நினைத்தால் அவர் முணுமுணுக்க மாட்டார். உங்களுக்கு, ஆடுவதற்கென்று முழுக் கட்டணம் கட்டுவது தகாது. கோலை முதல் முறையாகப் பிடிக்கிறவர் 18 குழி நடந்தால் நாலாவது குழியிலேயே மனம் உடைந்துவிடும். ஆசை இருந்தால் பயிற்சித் திடலில் ஒரு கூடைப் பந்து வாங்கி, ஏழாம் எண் அயன் கோல் (இரும்புத் தலைக் கோல்) ஒன்றை இரவல் வாங்கி அரை மணி நேரம் அடித்துப் பாருங்கள். தூர அடிக்கான டிரைவர் என்ற நீளமான கோலைத் தொடாதீர்கள், முதல் நாளில் அது யாருக்கும் வசப்படாது. பிறகு அத்தானோடு முதல் ஒன்பது குழிக்கு நடந்து பந்து பாருங்கள். அடுத்த ஒன்பதில் கால் வலித்தால் திரும்பி வந்து அம்மாவோடு கழகக் கட்டட விறாந்தையில் தேநீர் குடியுங்கள். அம்மாவை வெயிலில் முழுச் சுற்றும் நடக்க வைக்க வேண்டாம். மைதானத்துக்குள் ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறிய பகி வண்டி கிடைத்தால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருந்து சில குழிகள் வரை போய்வரட்டும், அதற்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை இவை: அந்த நாளில் போட்டி ஏதும் உண்டா, வார நாளுக்கும் வார இறுதிக்கும் கட்டணம் என்ன, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு வேறு கட்டணமா, கெடிக்கும் கோல் வாடகைக்கும் தனியாக எவ்வளவு, கூட நடக்கிறவருக்கு அனுமதி உண்டா. அத்தானிடம் ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹண்டிகப் சான்று இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், சில இடங்களில் கேட்பார்கள். கனடாவிலிருந்து முழுப் பையையும் விமானத்தில் சுமந்து வர வேண்டியதில்லை. விதிப்படி 14 கோல் வரை வைத்திருக்கலாம், ஆனால் விடுமுறை ஆட்டத்துக்கு வாடகைக் கோல்களே போதும். தன் காலணி, தன் கையுறை, ஒரு டசின் பந்து மட்டும் கொண்டுவரட்டும். புதிய பந்து இங்கே விலை கூடியது, நீர்க்கரை மைதானத்தில் சில பந்துகள் போகத்தான் போகின்றன. உடையில் கொலர் வைத்த சட்டை, நீளக் காற்சட்டை அல்லது ஒழுங்கான அரைக் காற்சட்டை. டெனிமும் இரப்பர்ச் செருப்பும் தவிருங்கள், இது உங்களுக்கும் சேர்த்துத்தான். கெடிக்குக் கொடுக்கும் அன்பளிப்பைக் கடைசிக் குழி முடிந்ததும் கையிலேயே கொடுங்கள், கட்டணத்தோடு சேர்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்து பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணிக்கெல்லாம் திகனவை விட்டுவிட்டால் மகாஓயாவை நாலரைக்குள் பிடிக்கலாம். நேரம் இருந்தால் அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளில் அரை மணி நேரம் நில்லுங்கள். நடந்த காலுக்கு இதமாக இருக்கும், அம்மாவுக்கும் பிடிக்கும். கிணறுகளில் சூடு ஒன்றுக்கொன்று வேறுபடும், அங்கிருப்பவர்களிடம் கேட்காமல் தண்ணீரை மேலில் ஊற்றாதீர்கள். ஐந்தரைக்குள் அங்கிருந்து புறப்பட்டுவிடுங்கள். புறப்படத் தாமதமாகிவிட்டால் ஊற்றை விட்டுவிட்டு நேரே செங்கலடிக்கு ஓட்டுங்கள்.